"இதுல எங்க தெரு எதுக்கா?": கற்பனை இனங்களும் ஊர்க் கட்டுப்பாடும்

(சேவுகம்பட்டியில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக நடந்த கோடை வாசிப்பு முகாமின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பற்றியும் பேசுவேன். ஆனால் அதற்கு முன் ஒரு புகாருக்குப் பதில் சொல்ல வேண்டும். பத்து நாட்களாகச் சாயங்காலம் ஆனால் பின்பக்கத் திண்ணையிலிருந்து சோழி குலுக்கும் சத்தம் கேட்கிறது, வாசிப்பு முகாமில் பிள்ளைகளைத் தாயம் விளையாட விட்டிருக்கிறீர்களா என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். சோழி உண்மைதான். தாயம் இல்லை. நாங்கள் அங்கே ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டும்போது நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதைக் கண்டுபிடித்தாள். இன்று என் பேச்சு முழுவதும் அந்தத் தப்பைப் பற்றித்தான்.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு பேர் வட்டமாக உட்காருவோம். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி தொடங்குவார்: "கண்மாய்க் கரையில் நிற்கிறீர்கள். நிலா இல்லை. எதிர்க்கரையில் ஒரு தீப்பந்தம் நகர்கிறது. என்ன செய்கிறீர்கள்?" ஒருத்தி சொல்வாள், "தண்ணிக்குள்ள இறங்கி முங்கிப் போயி பாக்கப்போறேன்." முடியுமா முடியாதா என்பதைச் சோழி சொல்லும். ஆறு சோழியைக் குலுக்கிப் போட்டு மூன்றாவது மல்லாந்து விழுந்தால் காரியம் கைகூடும். அதற்குக் குறைந்தால் ஏதோ ஒன்று கெட்டுப்போகும், கதை வேறு பக்கம் திரும்பும். பாத்திரத்தின் பெயர், பலம், பலவீனம் எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும்.

உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ஆடும் விளையாட்டு இது. இதில் முதலாவதாக அச்சில் விற்பனைக்கு வந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கினார்கள். அங்கே இருபது முகம் கொண்ட பகடை உருட்டுவார்கள். நம்மிடம் சோழி இருக்கிறது. புத்தகத்தில் உள்ள உலகத்தை அப்படியே ஆடலாம். பிடிக்காதவர்கள் தங்கள் உலகத்தைத் தாங்களே சமைத்துக்கொள்ளலாம். நாங்கள் சமைத்துக்கொண்டோம்.

அப்படிச் சமைக்கும்போது கதைசொல்லி பெரும்பாலும் முதலில் எழுதுவது இந்த உலகில் என்னென்ன இனங்கள் வாழ்கின்றன என்ற பட்டியலைத்தான். மனிதர்கள், நெடிய காதுள்ள எல்ஃபுகள், மலையைக் குடையும் ட்வார்ஃபுகள், பச்சைத் தோலுள்ள ஓர்க்குகள் என்று நீளும். ஆடுபவர் அதிலிருந்து ஓர் இனத்தைத் தேர்ந்தெடுப்பார். இனத்துக்கேற்ப அவருடைய வலுவும் அறிவும் கூடும், குறையும்.

முகாமுக்கு வருவதற்கு முந்தைய வாரம் நானும் ஒரு பட்டியல் எழுதினேன். ஒரு கண்மாய். அதைச் சுற்றி ஐந்து இனங்கள். விண்ணோர்: உயரமானவர்கள், நட்சத்திரம் பார்ப்பவர்கள், அறிவு கூட்டல் 2. ஆற்றோர்: படகு விடுபவர்கள், வணிகம் செய்பவர்கள், பேச்சுத்திறன் கூட்டல் 2. உலையோர்: இரும்பு அடிப்பவர்கள், கைத்திறன் கூட்டல் 2. கானோர்: காட்டில் வேட்டையாடுபவர்கள், வேகம் கூட்டல் 2, பொறுமை கழித்தல் 1. சேற்றோர்: வயல் சேற்றில் பிறந்து சேற்றிலேயே வாழ்பவர்கள், வலு கூட்டல் 2, அறிவு கழித்தல் 1.

எல்லோருக்கும் ஏதோ ஒரு கூட்டல் கொடுத்திருக்கிறேன், சமநீதி காத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. வண்ணப் பேனாவில் படம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் சுற்றி நின்று படித்தார்கள். அந்தச் சிறுமி மட்டும் விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து மெதுவாகப் படித்தாள். பிறகு திரும்பிக் கேட்டாள்:

"இதுல எங்க தெரு எதுக்கா?"

நான் முதலில் சிரித்துவிட்டேன். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவள் விரலைப் பார்த்தேன். அது ஏற்கெனவே சேற்றோரின் மேல் இருந்தது. அவள் பதில் தெரியாமல் கேட்கவில்லை. பதிலைக் கண்டுபிடித்துவிட்டு, நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கக் கேட்டாள்.

அவள் மட்டுமல்ல. சுற்றி நின்ற எல்லோருமே அவரவர் வரியை அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு சாதிப் பெயரைக்கூட நான் எழுதவில்லை. பெயரே இல்லாமல் படித்துவிட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த எழுத்து வாசிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இதில் இன்னொரு வெட்கக்கேடும் இருக்கிறது. நான் ஆய்வு செய்வதே இப்படிப்பட்ட பட்டியல்களைத்தான். ஆங்கிலேயர் காலத்தில் நம் மக்களை அளந்து, வகைபிரித்து, அச்சிட்ட இனவரைவியல் நூல்கள்தான் என் ஆய்வுப் பொருள். பகலில் அவற்றைக் கட்டுடைக்கிறேன். ராத்திரி உட்கார்ந்து அதே போன்ற ஒன்றை வண்ணப் பேனாவில் எழுதியிருக்கிறேன்.

எட்கர் தர்ஸ்டன் என்ற பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்ற நூலை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். மனிதர்களை நிற்கவைத்து உயரம், தலை, மூக்கு எல்லாவற்றையும் அளந்தவர். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதற்கு 'மூக்குக் குறியீட்டெண்' என்று பெயர். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ரிஸ்லி இதில் ஒரு படி மேலே போனார். சமூகத்தில் மேலே போகப்போக மூக்கு ஒடுங்கும், கீழே வரவர மூக்கு அகலும் என்றார். சாதி என்பது உடம்பில் எழுதப்பட்ட இனவேறுபாடு என்பது அவர் கட்சி.

தர்ஸ்டனின் நூலைப் புரட்டினால் அகரவரிசையில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பதிவு. தொழில் என்ன, உருவம் எப்படி, குணம் எப்படி, என்ன சாப்பிடுவார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதிநூலில் இனங்களைப் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே வரிசை. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்காதீர்கள். பிறப்பை வைத்து மனிதர்களுக்குக் குணம் எழுதலாம் என்று நம்பிய ஒரு காலத்தின் பழக்கம் அறிவியலுக்குள்ளும் போனது, கதைக்குள்ளும் போனது, விளையாட்டுக்குள்ளும் போனது.

விதிநூல்களில் இருப்பதைச் சொன்னால் உங்களுக்கே புரியும். 1974ஆம் ஆண்டின் முதல் விதிகளில் மனிதர்கள் எவ்வளவு உயரத்துக்கும் போகலாம். ட்வார்ஃபாகப் பிறந்தவர் போர்வீரர் மட்டுமே ஆகலாம், ஆறாம் நிலையைத் தாண்ட முடியாது. சின்ன உருவமுள்ள ஹாபிட் இனத்தவரும் போர்வீரர் மட்டுமே, அதுவும் நான்காம் நிலை வரைதான். எத்தனை வருடம் ஆடினாலும், எத்தனை அரக்கர்களை வென்றாலும் அவ்வளவுதான்.

1981இல் வந்த தொடக்கநிலைப் பதிப்பு இன்னும் வெளிப்படையானது. மனிதராகப் பிறந்தால் போர்வீரர், மந்திரவாதி, பூசாரி, திருடர் என்று விரும்பிய தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம். ட்வார்ஃபாகப் பிறந்தால்? ட்வார்ஃப் என்பதே உங்கள் தொழில். எல்ஃப் என்பதே உங்கள் தொழில். பாத்திரத் தாளில் தொழில் என்ற இடத்தில் பிறப்பை எழுதிக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது ஆட்டத்தைச் சுலபமாக்கும் ஏற்பாடாகத் தெரிந்திருக்கும். நமக்கு அதைப் படித்ததும் வேறு ஒரு நூல் ஞாபகம் வரும். அதன் பெயரை இங்கே சொல்லத் தேவையில்லை.

1978ஆம் ஆண்டு விதிநூலில், ஓர் இனம் இன்னோர் இனத்தை எப்படிப் பார்க்கும் என்பதற்கே ஓர் அட்டவணை இருந்தது. விருப்பம், நல்லெண்ணம் என்று தொடங்கி வெறுப்பில் போய் முடியும். ஓர்க்குக்கும் மனிதருக்கும் பிறந்தவர், அதாவது கலப்பில் பிறந்தவர், அதே நூலில் வலு கூட்டல் 1, உடல் உறுதி கூட்டல் 1, வசீகரம் கழித்தல் 2. இரண்டாயிரமாம் ஆண்டுப் பதிப்பில் நிலை உச்சவரம்புகளை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே ஆளுக்கு வலு கூட்டல் 2 கொடுத்துவிட்டு, அறிவிலும் வசீகரத்திலும் இரண்டிரண்டு கழித்தார்கள். என் சேற்றோர் எங்கிருந்து வந்தார்கள் என்று இப்போது தெரிகிறதா? வலுவானவன், முட்டாள், அழகற்றவன். இந்த மூன்றையும் ஒருவன் தலையில் சேர்த்துக் கட்டுவது உலகெங்கும் ஒரே நோக்கத்துக்குத்தான். உழைப்பை வாங்கிக்கொள்ள வேண்டும், அவனிடம் யோசனை கேட்கக் கூடாது.

பிறவியிலேயே தீயவர்கள் என்று ஓர் இனத்தை எழுதினால் என்ன ஆகிவிடும், கற்பனைதானே என்று கேட்பவர்கள் உண்டு. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினைந்து பேருக்கும் மேல் செத்தார்கள். அது உசிலம்பட்டி பக்கம், இங்கிருந்து அதிகத் தூரமில்லை. பிறவியிலேயே தீயவர் என்பது ஒரு காலத்தில் அரசிதழில் அச்சான வாசகம்.

இதற்கெல்லாம் அண்ணல் அம்பேத்கர் பதில் சொல்லியிருக்கிறார். என் பட்டியலைச் சுவரிலிருந்து கிழிக்கும்போது எனக்கு அவருடைய இரண்டு நூல்கள் நினைவுக்கு வந்தன. ஒன்று, 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரை. அப்போது அவருக்கு வயது 25. சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்பது அதன் மையம். அதாவது யார் யாரைக் கட்டக் கூடாது என்ற விதி. மற்றொன்று 1948இல் வந்த 'தீண்டப்படாதோர் யார்?'. அதில் மூக்கை அளந்தவர்களின் கணக்கையே எடுத்துக்கொண்டு, பிராமணர்களும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்பதற்கு அதில் ஆதாரமே இல்லை என்று காட்டினார். ஒரே மாகாணத்தில் வாழும் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே மனித வகையினர்தான் என்ற கருத்தை 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலிலேயே அவர் சொல்லியிருந்தார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் உலகம் சமைப்பவர்களுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. சாதி உடம்பில் இல்லை. விதியில் இருக்கிறது. கற்பனை உலகில் இனம் எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? விதியில் இருப்பதை எடுத்து உடம்பில் ஒட்டுகிறோம். அந்த நொடியில் அது மாற்ற முடியாததாகிவிடுகிறது. விதியை எதிர்த்துப் போராடலாம். 'அறிவு கழித்தல் 1' என்று பிறப்பிலேயே எழுதப்பட்டவர் எதை எதிர்த்துப் போராடுவார்?

அந்த நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 2020இல் ஓர்க்குகளையும் ட்ரோ எனப்படும் கருந்தோல் எல்ஃபுகளையும் பிறவித் தீயவர்களாகக் காட்டியது தவறு என்றது. இனத்துக்கான கூட்டல்களை ஆடுபவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று அதே ஆண்டு ஒரு விதியும் வந்தது. 2022இல் 'ரேஸ்' என்ற சொல்லையே கைவிடப் போவதாக அறிவித்தார்கள். 2024ஆம் ஆண்டு விதிநூலில் அந்த இடத்தில் 'ஸ்பீஷீஸ்' என்று இருக்கிறது.

வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் நமக்குப் பெயர் மாற்றங்களில் அனுபவம் அதிகம். ஹரிஜன் என்று பெயர் வைத்ததால் டீக்கடையில் டம்ளர் மாறவில்லை. 'ஸ்பீஷீஸ்' என்பது உயிரினப் பிரிவைக் குறிக்கும் சொல். ஒருவகையில் பழைய சொல்லைவிட இன்னும் ஆழமாக உடம்புக்குள் போகிறது. அதே 2024 நூலில் கூட்டல்களை இனத்திலிருந்து எடுத்து, ஆளின் முன்கதைக்கு மாற்றினார்கள். நல்ல யோசனை போலத் தெரியும். உள்ளே போய்ப் பாருங்கள். பிரபு என்ற முன்கதையை எடுத்தால் வலு, அறிவு, வசீகரம் ஆகியவற்றில் கூட்டிக்கொள்ளலாம். விவசாயி என்று எடுத்தால் வலு, உடல் உறுதி, பட்டறிவு. அறிவு அந்த வரிசையில் கிடையாது. பிறப்பை வெளியே அனுப்பிவிட்டார்கள், அது தொழில் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

இன்னொரு சம்பவம். 2022இல் அவர்கள் வெளியிட்ட ஒரு நூலில் குரங்கு போன்ற உருவமுள்ள ஹடோஸீ என்ற இனத்துக்கு ஒரு வரலாறு எழுதினார்கள். ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவு வரவைத்து, அடிமைப் படையாக விற்கப் பார்த்தான். அவனுடைய சீடர்களுக்கு மனமிரங்கியது. அவர்கள் உதவியால் ஹடோஸீக்கள் தப்பித்தார்கள். கருப்பின வாசகர்கள் கொதித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. எனக்கு அந்தக் கதையில் மிகவும் உறைத்தது சீடர்களின் மனமிரக்கம்தான். அறிவையும் ஆண்டை கொடுத்தான், விடுதலையையும் ஆண்டை வீட்டுப் பிள்ளைகள் கொடுத்தார்கள். அந்த மக்கள் தாங்களாக என்னதான் செய்தார்கள்? நம் பாடப்புத்தகங்களில் இந்தக் கதையை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

மறுநாள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். பட்டியலைத் திரும்ப எழுதலாமா, இனங்களே வேண்டாமா என்று கேட்டேன். இனங்களே வேண்டாம், எல்லோரும் மனுசங்கதான் என்று ஒரு பையன் சொன்னான். அந்தச் சிறுமி ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் ஒண்ணுதான்னு எங்க ஸ்கூல் சுவத்துலயும்தான் எழுதியிருக்கு" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஐந்து மக்களும் இருக்கட்டும், எழுதும் முறையை மாற்றுவோம் என்று முடிவானது.

முதலில் உடம்பை உடம்பாக மட்டும் எழுதினோம். ஆற்றோருக்கு நீருக்கடியில் ரொம்ப நேரம் மூச்சுப் பிடிக்க வரும். கானோருக்கு இருட்டில் கண் தெரியும். சேற்றோருக்கு மண்ணில் காது வைத்தால் ஒரு கல் தொலைவில் நடப்பது கேட்கும். அறிவு, குணம், நேர்மை, அழகு எதையும் பிறப்போடு சேர்த்து எழுதுவதில்லை. அவை ஆடுபவர் தன் பாத்திரத்துக்குத் தானே வைத்துக்கொள்ள வேண்டியவை. எந்த மக்களுக்கும் குலத்தொழில் கிடையாது. சேற்றோரில் நட்சத்திரம் பார்ப்பவர் இருக்கலாம், விண்ணோரில் செருப்புத் தைப்பவர் இருக்கலாம்.

அப்புறம் தனியாக ஒரு தாள் எடுத்தோம். அதன் தலைப்பு 'ஊர்க் கட்டுப்பாடு'. ஏற்றத்தாழ்வு முழுவதும் இந்தத் தாளில்தான் இருக்க வேண்டும், வேறெங்கும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு விதிக்கும் ஐந்து கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். விதி என்ன? யார் வைத்தது? அதனால் யாருக்கு என்ன லாபம்? மீறினால் என்ன தண்டனை? இதற்கு முன் மீறியவர் யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த விதியையும் உலகத்துக்குள் விடுவதில்லை. மீறியவர் இல்லாத விதி எந்த ஊரிலும் இருந்ததில்லை. அந்த மீறல் கதையை அந்த மக்களில் ஒருவராகப் பாத்திரமேற்கும் பிள்ளைதான் எழுத வேண்டும்.

பிள்ளைகள் எழுதிய முதல் விதி கண்மாய் மடையைப் பற்றியது. வேறெங்கும் எல்லோருக்கும் ஆறு சோழி. மடைப் பக்கம் போனால் விண்ணோருக்கு ஏழு, ஆற்றோருக்கு ஆறு, உலையோருக்கும் கானோருக்கும் ஐந்து, சேற்றோருக்கு நான்கு. காரியம் கைகூட எல்லோருக்கும் அதே மூன்று சோழி மல்லாக்க விழ வேண்டும். சோழி இருபுறமும் சம வாய்ப்பில் விழும் என்று வைத்துக்கொண்டு, பிளஸ் டூ முடித்த ஒரு தங்கை கணக்குப் போட்டுக் காட்டினாள். ஏழு சோழிக்காரர் நூறு முறையில் 77 முறை ஜெயிப்பார். ஆறுக்கு 66. ஐந்துக்கு 50. நான்குக்கு 31.

கவனியுங்கள், இங்கே யாருடைய உடம்பிலும் எதுவும் குறையவில்லை. மடைக்கு வந்ததும் கையிலிருந்து இரண்டு சோழியைப் பிடுங்குகிறார்கள். எல்லோர் கண்முன்னாலும் பிடுங்குகிறார்கள். பத்தடி தள்ளிப் போனால் திருப்பிக் கொடுக்கிறார்கள். முதல் நாள் விண்ணோராக ஆடிய பையன் ஏழாவது சோழியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் என்னக்கா பண்ணேன், எனக்கு எதுக்கு ஒண்ணு கூட?" என்று கேட்டான். பழைய பட்டியலில் 'அறிவு கூட்டல் 2' என்று போட்டபோது இதே பையன் அப்படிக் கேட்கவில்லை. அது அவனுடைய அறிவு என்றே எடுத்துக்கொண்டான். இது யாரோ கொடுத்தது என்று கையில் கனத்ததும் தெரிந்துவிட்டது.

இரண்டாவது விதியைத்தான் எழுதத் தயங்கினோம். அண்ணல் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னாரே, ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் காலுக்குக் கீழே ஒருவரைக் கொடுத்துவிடும் ஏற்பாடு, அதை ஆட்டத்தில் எப்படிக் கொண்டுவருவது? இப்படிக் கொண்டுவந்தோம்: கானோரில் ஒருவர் மடையில் சேற்றோர் ஒருவரைத் தடுத்து நிறுத்தினால், அந்த முறை மட்டும் அவருக்கு ஐந்துக்குப் பதில் ஆறு சோழி. கானோராக ஆடிய தம்பி முதல் நாள் மூன்று முறை தடுத்தான். மூன்று முறையும் ஆறு சோழி வாங்கினான். இரண்டாம் நாள் கைநீட்டிவிட்டு நிறுத்தினான். "தடுக்கலேன்னா அஞ்சுதானக்கா? அஞ்சு வச்சு நான் எப்படி ஜெயிப்பேன்?" என்றான். திருந்திவிட்டான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவன் திருந்தவில்லை. கேள்வி கேட்டான். அந்தக் கேள்வி நம் ஊர்களில் நூறு வருடமாக நின்றுகொண்டிருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வெளியே படும் பாட்டை ஒடுக்கப்பட்ட பிள்ளை விளையாட்டிலும் பட வேண்டுமா? கூடாது. அதனால் சில ஏற்பாடுகள் செய்தோம். யாருக்கும் எந்த மக்களையும் நாம் ஒதுக்கித் தருவதில்லை, அவரவரே தேர்ந்தெடுக்கலாம். வட்டத்தின் நடுவில் ஒரு புளியங்கொட்டையை யார் வைத்தாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை நிறுத்திவிடுவோம். வசவுச் சொற்களைக் கதைக்காகக்கூட யாரும் பேசக் கூடாது. அந்தச் சிறுமி என்ன தேர்ந்தெடுத்தாள் தெரியுமா? முதல் மூன்று நாளும் விண்ணோர். ஏழு சோழியைக் குலுக்கிப் போட்டுச் சிரித்துக்கொண்டே ஆடினாள். நான் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்கு அவள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நாலாம் நாள் தானாகவே சேற்றோருக்கு மாறினாள். மண்ணில் காது வைக்கும் திறமை அவளுக்குப் பிடித்திருந்ததாம்.

விளையாட்டிலுமா சாதியைக் கொண்டுவருவீர்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நாங்கள் கொண்டுவரவில்லை. கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது. 'கூட்டல் 2, கழித்தல் 1' என்று மாறுவேடத்தில் இருந்ததை நாங்கள் பெயர் சொல்லி வெளியே கூப்பிட்டோம்.

இந்த மேசையில் நமக்கு இடமில்லை என்றும் நினைக்காதீர்கள். 2022இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' என்ற தொகுப்பில் வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் எழுதிய 13 சாகசக் கதைகள் உண்டு. அவற்றில் ஒன்றை எழுதியவர் மிமி மண்டல். கொல்கத்தாவில் பிறந்த தலித் எழுத்தாளர். வங்கத்து நதிநிலத்தை நினைவூட்டும் ஓர் உலகத்தை அவர் அந்த விளையாட்டுக்குள் கட்டினார். 2018இல் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றவர். நம்மைப் பற்றி யாராவது எழுதுவார்கள், அதைத் திருத்தலாம் என்று காத்திருப்பது ஒரு வழி. சோழியை நாமே கையில் எடுப்பது இன்னொரு வழி.

முடிப்பதற்கு முன் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டிவீரன்பட்டியில் 1893இல் பிறந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். சென்னை பாண்டி பஜார் என்கிறோமே, அந்தப் பாண்டி இவர்தான். அந்தக் காலத்தில் ஆதிதிராவிடர்களைப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். இவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார்.

பேருந்தில் ஏறுவதற்கு ஆதிதிராவிடர்களின் கால்களில் எந்தக் குறையும் இருக்கவில்லை. ஒரு விதி இருந்தது. அந்த விதியால் சிலருக்கு லாபம் இருந்தது. மீறியவர்கள் இருந்தார்கள், இயக்கமாகத் திரண்டவர்கள் இருந்தார்கள், அதன் பிறகு ஓர் ஆணை வந்தது. ஊர்க் கட்டுப்பாடு தாளில் நாங்கள் கேட்கும் அதே ஐந்து கேள்விகள்தான்.

எங்கள் ஆட்டம் இன்னும் முடியவில்லை. நேற்று நிறுத்திய இடத்தில் ஐந்து மக்களும் மடையில் எதிரெதிரே நிற்கிறார்கள். கானோராக ஆடும் தம்பியிடம் ஐந்து சோழி. சேற்றோராக ஆடும் சிறுமியிடம் நான்கு. இரண்டு பேரும் சோழியை ஒன்றாகச் சேர்த்துப் போட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். விதிநூலில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் அதை நான் எழுதவில்லை. இன்று சாயங்காலம் பிள்ளைகளே உட்கார்ந்து எழுதப் போகிறார்கள். புகார் சொன்ன மூத்த தோழரும் வரலாம். திண்ணையில் இடம் இருக்கிறது. சோழிதான் பத்தவில்லை, வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள்.